பந்து கைக்கு வந்தது, தலைமை வரவில்லை: பல்வங்கர் பாலுவின் வாழ்வும் நம் காலத்தின் தேர்வுப் பட்டியல்களும்

சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் மாதங்களில், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் ஊர்கள்தோறும் கிரிக்கெட் போட்டிகள் தொடங்கிவிடும். முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே தேநீர்க் கடைகளில் பேச்சு தொடங்கும். இந்த ஆண்டு தொடர் நாயகன் யார், எந்த ஊரின் எந்தப் பையன் கோப்பையைத் தட்டிக்கொண்டு போவான் என்று ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியல்களில் காலனிப் பையன்களின் பெயர்கள் தயக்கமின்றி இடம்பெறும். வேகமாகப் பந்து வீசுகிறவன், எல்லைக் கோட்டில் பாய்ந்து பிடிக்கிறவன் என்று அவர்களைப் பாராட்டவும் யாரும் தயங்குவதில்லை. ஆனால் அணித்தலைவர் யார், போட்டிக் குழுவில் யார், பரிசு வழங்கும் மேடையில் யார் என்னும் கேள்விகள் வரும்போது பட்டியல் வேறாகிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

திறமையை ஏற்றுக்கொள்வது ஒன்று. திறமையாளரின் கீழ் நிற்க உடன்படுவது முற்றிலும் வேறொன்று. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வாழ்க்கை உதவுகிறது. இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று வரலாற்றாய்வாளர்களால் மதிக்கப்படும் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை அது. ஆண்டுதோறும் அணித்தலைமைக்குரியவர் என்று பேசப்பட்டு, ஆண்டுதோறும் தவிர்க்கப்பட்டவர் அவர்.

மூன்று ரூபாய்ச் சம்பளம்

1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர் பாலு. தோல் வேலையோடு பிணைத்துத் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட சமார் சாதியைச் சேர்ந்தது அவருடைய குடும்பம். கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்னும் ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தை பூனாவில் இராணுவத்தைச் சார்ந்து பணியாற்றினார். ஆங்கிலேய அதிகாரிகள் விட்டெறிந்த பழைய மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் அவருடைய தம்பி சிவராமும் விளையாடக் கற்றுக்கொண்டனர்.

பாலுவின் முதல் வேலை பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை ஓட்டுவது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியரின் பூனா கழகத்துக்கு மாறினார். அங்கே சம்பளம் நான்கு ரூபாய். களத்தைச் சமன்படுத்துவது, வலை கட்டுவது, கோடு போடுவது ஆகியவை அவருடைய வேலைகள். ஓய்வு நேரங்களில் உறுப்பினர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசுவதும் அவற்றோடு சேர்ந்தது. இடக்கையால் மெதுவாக வந்து, எதிர்பாராத கணத்தில் திரும்பும் அந்தப் பந்து விரைவில் பேசுபொருளாயிற்று. அக்காலத்தில் இந்தியாவில் ஆடிய ஆங்கிலேய மட்டையாளர்களுள் முதன்மையானவரான கேப்டன் கிரெய்க், மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி பெற்றார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு.

இந்த நட்பிலும் ஒரு கோடு இருந்தது. பூனா கழகத்தின் வலைகளில் பாலு எண்ணற்ற மணி நேரம் பந்து வீசினார். ஆனால் மட்டை பிடிக்க அவருக்கு ஒருமுறைகூட வாய்ப்புத் தரப்படவில்லை என்று சொல்லப்படுகிறது. வியர்வை சிந்தும் வேலையாகப் பந்துவீச்சும், அழகு காட்டும் உரிமையாக மட்டை வீச்சும் பிரிக்கப்பட்டிருந்தன. உழுகிறவனுக்கும் நெல்லை அளக்கிறவனுக்கும் இடையே நம் ஊர்கள் கண்ட பிரிவினைதான் அங்கே புல்தரையிலும் இருந்தது.

மண் குவளையில் தேநீர்

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆட ஓர் அணி திரட்டியபோது அவர்கள்முன் ஒரு சிக்கல் எழுந்தது. நகரின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர். அவரைச் சேர்க்காவிட்டால் தோல்வி உறுதி. சேர்த்தால் சாதி கெட்டுவிடும். தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் சேர்க்க வேண்டும் என்றனர். பூனாப் பார்ப்பனர்கள் எதிர்த்தனர். இறுதியில் வெற்றி ஆசை வென்றது. பாலு அணிக்குள் வந்தார்.

வந்தபின் அமைந்த ஏற்பாட்டைச் சட்டம் படித்தவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். களத்தில் பாலு தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் கட்டடத்துக்குள் பீங்கான் குவளையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் தரப்பட்டது. அருந்தியதும் அது எறியப்பட்டது. மதிய உணவு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ நீர் ஊற்றுவதற்குத் தீண்டத்தகாதோரில் ஒருவரையே ஏற்பாடு செய்திருந்தனர். தீட்டு என்பது பந்து வழியாகப் பரவாது, குவளை வழியாக மட்டும் பரவும் என்னும் இந்த விந்தையான கோட்பாட்டை எந்தச் சாத்திரத்திலும் தேடத் தேவையில்லை. தேவை உள்ள இடத்தில் தீட்டு தளர்கிறது; தேவை முடிந்த கணத்தில் திரும்பி வருகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் சேரியின் கைகள் வேண்டும்; அந்தக் கைகள் சமைத்த சோறு வேண்டாம் என்ற நம் ஊர்களின் நடைமுறை இதனின்று வேறானதன்று.

பாலுவின் பந்துவீச்சால் பூனா அணி வென்றது. சாத்தாராவில் வெள்ளையர் கழகத்துக்கு எதிராக அவர் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தியபின், சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் அவருக்கு மாலை அணிவித்தார். சேர்ந்து ஆட முடிகிறவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று ஏனைய வீரர்களை அவர் இடித்துரைத்தார். தனிக் குவளை சிறிது சிறிதாக மறையத் தொடங்கியது. அதை அகற்றியது ஊராரின் மனமாற்றம் மட்டுமன்று. பாலு எடுத்த ஒவ்வொரு விக்கெட்டும் அந்தக் குவளையின்மேல் விழுந்த அடி என்றே நாம் கருதுகிறோம்.

1906: பேரரசுக்கு எதிரான வெற்றி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிளேக் நோய் பரவிய காலத்தில், குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. அங்கே இந்து ஜிம்கானாவில் சேர்வதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அணித்தலைவர் கீர்த்திகரின் வற்புறுத்தலால் அது தணிந்தது. இரயில்வே நிறுவனத்தில் வேலையும் அந்த நிறுவன அணியில் இடமும் பாலுவுக்குக் கிடைத்தன.

1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியரைப் பம்பாயில் எதிர்கொண்டனர். இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும், ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். 109 ஓட்ட வேறுபாட்டில் இந்துக்கள் வென்றனர். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்திருந்த அந்த நாட்களில், ஆளும் இனத்தை அதன் சொந்த ஆட்டத்திலேயே வீழ்த்தியது பெரும் செய்தியாயிற்று. அந்த ஆட்டத்தில் எட்டு விக்கெட்டுகள் பாலுவுடையவை. சிவராமும் அணியில் இருந்தார். சாதி மறுப்புக்குக் கிடைத்த பயன் இது என்று சீர்திருத்த இதழ்கள் எழுதின. வெற்றி இந்துக்களுடையது என்று கொண்டாடப்பட்டபோது, அதை ஈட்டித் தந்தவர்களைக் கோயிலுக்குள் விட அதே சமூகம் ஆயத்தமாக இல்லை என்பதையும் சேர்த்தே நாம் நினைவுகொள்ள வேண்டும்.

1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் தலைமையில் முதல் அனைத்திந்திய அணி இங்கிலாந்து சென்றது. அந்த அணியிலிருந்த ஐந்து இந்து வீரர்களில் இருவர் பாலுவும் சிவராமும். அணித்தலைவரான மகாராஜா சில ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். அவருடைய பொழுது பெரும்பாலும் விருந்துகளிலும் அரச நிகழ்ச்சிகளிலும் கழிந்தது. அணி ஆடிய 23 ஆட்டங்களில் 15இல் தோற்றது. அந்தத் தோல்விகளுக்கு நடுவே, முப்பத்தைந்து வயதை எட்டியிருந்த பாலு, தோள்பட்டை வலியோடு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டு விக்கெட்டுகள் எடுத்தார். லெஸ்டர்ஷயரை அணி வென்றபோது பதினொரு விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட்டுக்கு எதிராகச் சிவராம் சதமடித்தார்.

பிறப்பால் தலைமை பெற்ற ஒருவர் விருந்துக்குப் போனார். பிறப்பால் தலைமை மறுக்கப்பட்ட ஒருவர் நாள் முழுதும் பந்து வீசினார். இந்திய அணியின் முதல் இங்கிலாந்துப் பயணத்தின் சாரம் இதுதான். திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாலுவுக்கு வரவேற்பு அளித்தனர். அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கர், பாலுவைத் தம் மக்களின் நாயகனாகப் போற்றியவர்களுள் ஒருவர்.

ஆண்டுதோறும் ஒரு பெயர்

பம்பாயில் இந்துக்கள், பார்சிகள், ஐரோப்பியர் ஆடிய முத்தரப்புத் தொடர், 1912இல் முஸ்லிம்களும் சேர்ந்ததால் நாற்றரப்புத் தொடராயிற்று. ஒவ்வோர் ஆண்டும் தொடருக்கு முன்னர், இந்து அணியின் தலைவர் யார் என்னும் விவாதம் நடக்கும். அனுபவத்தாலும் ஆற்றலாலும் பாலுவே உரியவர் என்று ஒரு தரப்பினர் ஆண்டுதோறும் வாதிட்டனர். ஆண்டுதோறும் தேர்வுக் குழு வேறொருவரை அறிவித்தது. பெரும்பாலும் அவர் பார்ப்பனர். 1913இல் தலைவராக்கப்பட்ட எம்.டி. பை, தமக்காக நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இந்தப் பெருமை மூத்த வீரரான பாலுவுக்கே சேர்ந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பதவியைப் பெற்றவருக்கே அநீதி தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தவர்கள் மட்டும் காரணம் சொல்லவில்லை. காரணம் கேட்கும் வழியும் எங்கும் இல்லை.

1920இல் பிரச்சினை வெடித்தது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைவரான பை உடல்நலம் குன்றியதால், அடுத்த தகுதியாளராகப் பாலுவின் இளைய தம்பி விட்டலின் பெயரே பேசப்பட்டது. தேர்வுக் குழுவோ டி.பி. தேவதரைத் தலைவராக்கியது. விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதாலேயே தாங்கள் இழிவுபடுத்தப்பட்டதாகப் பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டனர். களத்தில் இறங்க மறுப்பதும் ஒரு போராட்ட வடிவம் என்பதை அந்தச் சகோதரர்கள் அன்றே காட்டினர். நகரெங்கும் விவாதம் எழுந்தது. முடிவில் பார்சிகளுக்கு எதிரான இறுதியாட்டத்துக்குப் பை திரும்பினார், பாலு மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத்தலைவராக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். ஆட்டத்தின் நடுவே பை களத்தைவிட்டு வெளியேறி நின்றார். அந்தச் சிறிது நேரம் பாலு இந்து அணியை வழிநடத்தினார். இரண்டு பத்தாண்டு உழைப்புக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே.

1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஐரோப்பியரை வென்றபோது அவரை இரசிகர்கள் தோளில் தூக்கிச் சென்றனர். அவருடைய தலைமையில் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை கோப்பை வந்தது. அண்ணனுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் தம்பி அமர்ந்தார். அதுவும் தானாகக் கனியவில்லை; 1920இன் விலகல் அதற்கு வழி திறந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரருக்கு 1935 முதல் ஹைஸ்மன் கோப்பை வழங்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பே யார் யார் தகுதியாளர்கள் என்று பட்டியல்கள் வெளியாகின்றன; விளையாட்டுச் செய்தியாளர்களும் முன்னர் வென்றவர்களும் வாக்களிக்கின்றனர். 1956இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜிம் பிரவுன் வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம் பெற்றார். கோப்பையோ பத்து ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்ற ஓர் அணியின் வெள்ளையின வீரருக்குப் போனது. அக்கோப்பையை ஒரு கறுப்பின வீரர் முதன்முதலாகப் பெற இருபத்தாறு ஆண்டுகளாயின. 1961இல் அதைப் பெற்றவர், அதே பல்கலைக்கழகத்தின் எர்னி டேவிஸ்.

அதற்கு முன்பு, 1960 ஜனவரியில் டல்லஸ் நகரில் நடந்த பெரும் ஆட்டத்தில் அவருடைய அணி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 23க்கு 14 என வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரர் டேவிஸ். விருந்தில் பரிசைப் பெற்றுக்கொண்டபின் கறுப்பின வீரர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. பூனாவின் மண் குவளை அங்கே விருந்துக்கூடத்தின் கதவாக இருந்தது. டேவிஸ் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடாமல், இரத்தப் புற்றுநோயால் 1963இல் தமது இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார்.

அம்பேத்கருக்கு எதிர்நின்றவர்

பாலுவின் வாழ்வில் நாம் எளிதில் கடந்துவிட முடியாத பகுதி ஒன்று உண்டு. முதுமையில் அவர் அரசியலுக்கு வந்தார். தனித்தொகுதிக்கும் அப்பால், ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை அம்பேத்கர் கோரியபோது, பாலு சென்னை மாகாணத் தலைவர் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டு வாக்காளர் தொகுதியை ஆதரித்தார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1935இல் அம்பேத்கர் இந்து மதத்தைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தபோது அதையும் எதிர்த்தார். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர்.

இதை வைத்துப் பாலுவைத் துரோகி என்று ஒதுக்குவது எளிது. நாம் அதைச் செய்ய விரும்பவில்லை. இந்து அணியின் வெள்ளை உடையில் இருபது ஆண்டுகள் உழைத்தவர், அந்த அணிக்குள்ளிருந்தே தமக்குரிய இடம் ஒருநாள் கிடைக்கும் என்று நம்பினார். குவளை மாறியதைக் கண்டிருந்தார். தம்பி தலைவரானதையும் கண்டிருந்தார். அந்த அனுபவமே அவருடைய அரசியலாயிற்று. ஆனால் அவர் வாழ்வு தரும் சான்றே அவருடைய அரசியலுக்கு எதிராக நிற்கிறது என்பது நம் கருத்து. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழு பிறர் கையில் இருக்கும்வரை, தகுதி எவ்வளவு உயர்ந்தாலும் முடிவு அவர்களுடையதே. அம்பேத்கர் கேட்டது அந்தக் குழுவின் அதிகாரத்தை. தேர்வுக் குழு என்ன செய்யும் என்பதை ஆண்டுதோறும் அனுபவித்தவர், வாக்காளர் தொகுதி விவாதத்தில் அதே பாடத்தைக் காண மறுத்தார். இன்று நம்மைச் சுற்றியுள்ள ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், திருபுவனை தனித்தொகுதிகள் யாவும் அந்த ஒப்பந்தத்தின் வழிவந்த கூட்டு வாக்கு முறையில்தான் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த விவாதம் முடிந்துவிடவில்லை.

சட்டம் காணும் குவளை, காணாத பட்டியல்

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 1 அன்று, தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 1976இல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது அதுவே. பாலுவின் இளமையைச் சுட்ட தனிக் குவளையும் தனித் தட்டும், பொது உணவிடங்களில் அன்று முதல் தண்டனைக்குரிய குற்றங்களாயின. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பாதுகாப்பை மேலும் கடுமையாக்கியது. இவற்றைப் பெறுவதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை பெரிது.

ஆயினும் 1913இலோ 1920இலோ பாலுவுக்கு நடந்ததை இன்றைய சட்டத்தின்கீழ் வழக்காக்க முயல்வோம் என்று வைத்துக்கொள்வோம். குவளை கையில் பிடிபடும் சான்று. தலைமை மறுப்புக்கோ சான்று இல்லை. குழு கூடியது, பேசியது, ஒரு பெயரை அறிவித்தது. விருப்பத் தேர்வு அவர்கள் உரிமை. சாதியின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. நீதிமன்றத்தில் அது கரைந்துபோகும். தீண்டாமை குவளையிலிருந்து பட்டியலுக்கு இடம் மாறிவிட்டது. சட்டம் இன்னும் குவளையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

வில்லியனூருக்கு அப்பால் துத்திப்பட்டில் இன்று பெரிய கிரிக்கெட் மைதானங்கள் உள்ளன. புதுச்சேரி அணி 2018 முதல் ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. நம் கிராமத்து இளைஞர்களுக்கு மைதானம் கண்ணுக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. எனவே நாம் கேட்க வேண்டியவையும் திட்டவட்டமானவை. ஊர்ப் போட்டியாயினும் கல்லூரி அணியாயினும் சங்கமாயினும், தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள்? தேர்வின் அளவுகோல்கள் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கப்படுகின்றனவா? நீக்கப்பட்டவர் காரணம் கேட்டால் பதில் தர எவருக்கேனும் கடமை உண்டா? அரசு நிதியோ அரசு நிலமோ பெறும் அமைப்புகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இக்கேள்விகளை எழுப்ப முயலலாம். கல்லூரி விளையாட்டுக் குழுக்களில் பட்டியலின மாணவர் பிரதிநிதித்துவத்தை மாணவர் அமைப்புகள் கோரலாம்.

முதல்தர ஆட்டங்கள் 33. வீழ்த்திய விக்கெட்டுகள் 179. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 15. பாலுவின் கணக்கு இது. எந்தத் தேர்வுக் குழுவாலும் இதை அழிக்க முடியவில்லை. முழுநேர அணித்தலைவராக அவர் வழிநடத்திய நாற்றரப்பு ஆட்டங்கள் எத்தனை என்றால், ஒன்றுகூட இல்லை. இவ்விரு எண்களையும் ஒன்றாக வைத்துப் படிக்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அடுத்த போட்டிக்கான பெயர்ப் பட்டியல் ஒட்டப்படும்போது, யார் சிறந்த வீரர் என்பதோடு, அந்தப் பட்டியலை எழுதியவர் யார் என்றும் அவர்கள் கேட்கட்டும்.